பிரஷர் குளிசை குருதிச் சீனியைக் கூட்டுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட அளவில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் உங்களோடு வசிக்கும் அம்மாவுக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மெட்போமின் குளிசையோடும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் வெறும் வயிற்றுச் சீனி 115 அளவில் நின்றுகொண்டிருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்னர் பிரஷர் 168/96 என்று கண்டு, ஹைட்ரோகுளோரோதையசைட் 25 மில்லிகிராமும் அட்டெனோலோல் 50 மில்லிகிராமும் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது பிரஷர் 134/80 இற்கு இறங்கிவிட்டது. ஆனால் வெறும் வயிற்றுச் சீனி 138 ஆகவும், கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.8 இலிருந்து 7.3 ஆகவும் ஏறியிருக்கிறது. "பிரஷர் குளிசைதான் சீனியை ஏத்துது, அதை விட்டிட்டுப் பாருங்கோ" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, இரண்டு நாட்களாக அம்மா அந்தக் குளிசைகளை எடுக்கவில்லை. பிரஷர் மருந்து சீனியைக் கூட்டுமா என்று மட்டும்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, கூட்டுமானால் அதை நிறுத்தலாமா என்பது. முதற் கேள்விக்கு, சில மருந்துகள் ஓரளவு கூட்டும் என்பது என் விடை. இரண்டாவதற்கு, நீங்களாக நிறுத்தவே கூடாது என்பது என் விடை.

கொழும்பில் அரச மருத்துவமனைக் கிளினிக்குகளில் நீரிழிவும் பிரஷரும் சேர்ந்து உள்ளவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் வைத்தியன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், ஈசிஜி என்று அவருடைய சோதனைகள் எதையும் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு எந்த மருந்து பொருத்தம் என்று நான் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். அட்டெனோலோல் திடீரென நிறுத்தக்கூடிய மருந்து அல்ல. அது இதயத்தின் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறது. சட்டென்று விட்டால் நாடித்துடிப்பும் பிரஷரும் முன்பிருந்ததைவிட மேலே பாயலாம். இதயக் குழாய்களில் அடைப்பு உள்ளவருக்கு அது நெஞ்சுவலியையோ மாரடைப்பையோ கொண்டு வரலாம். நீரிழிவு உள்ளவர்களில் அந்த அடைப்பு எந்த வலியும் காட்டாமல் இருப்பது அபூர்வமல்ல என்பதால், "அம்மாவுக்கு இதய வருத்தம் இல்லை" என்ற நம்பிக்கை இங்கே போதாது. தேவையானால் வைத்தியரே ஒன்றிரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். ஆகவே இன்றே மருந்து தந்த இடத்தில் கேட்டு மீண்டும் தொடங்கச் செய்யுங்கள். விடுபட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டு குளிசைகளை ஒன்றாகக் கொடுக்க வேண்டாம்.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஹைட்ரோகுளோரோதையசைட் என்பது கிளினிக் கொப்பியில் எச்சிடி என்று எழுதப்படும், சிறுநீரைக் கூட்டும் குளிசை. உப்போடும் நீரோடும் சேர்த்துப் பொட்டாசியத்தையும் அது சிறுநீரில் வெளியேற்றுகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் ஒழுங்காக வேலை செய்யப் பொட்டாசியம் சரியான அளவில் இருக்க வேண்டும். அது குறையும்போது, சாப்பாட்டுக்குப் பின் வர வேண்டிய இன்சுலின் பிந்தியும் குறைந்தும் வருகிறது. இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. உடல் இன்சுலினுக்குக் கீழ்ப்படிவதும் சற்றுக் குறைகிறது. ஆனால் பொட்டாசியத்தின் பங்கு பெரியது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பிரித்தானியாவில் நடந்து 2015 இல் வெளிவந்த பாத்வே-3 என்ற ஆய்வில், எச்சிடியின் அளவைப் பாதியாக்கி, பொட்டாசியத்தைக் காக்கும் அமிலோரைட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது குளுக்கோஸ் ஏறவில்லை, பிரஷரும் நன்றாகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு அமிலோரைட்டை யாரும் தாமாக வாங்க வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் லொசார்டன் அல்லது எனாலாப்ரில் என்ற பிரஷர் குளிசை எடுப்பவருக்கும் அது பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

எவ்வளவு கூடும் என்பதில்தான் பலரும் பிழையான கணக்குப் போடுகிறார்கள். முன்னொரு காலத்தில் இந்த மருந்தை 50, 100 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். அப்போது சீனி தெளிவாகவே ஏறியது. இன்று 12.5 அல்லது 25 மில்லிகிராம்தான் வழக்கம்; இந்த அளவில் சராசரியாக வெறும் வயிற்றுச் சீனி சில புள்ளிகள்தான் கூடுகிறது. அமெரிக்காவில் முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆல்ஹட் ஆய்வில், தொடக்கத்தில் நீரிழிவு இல்லாதவர்களை நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். எச்சிடியின் இனத்தைச் சேர்ந்த குளோர்தலிடோன் எடுத்தவர்களில் 11.6 வீதத்தினருக்கும், வேறு வகைப் பிரஷர் மருந்துகளில் அம்லோடிபைன் எடுத்தவர்களில் 9.8 வீதத்தினருக்கும், லிசினோப்ரில் எடுத்தவர்களில் 8.1 வீதத்தினருக்கும் வெறும் வயிற்றுச் சீனி 126 ஐத் தாண்டியிருந்தது. வித்தியாசம் உண்மையானது. ஆனால் சீனிக்கு மிகவும் சாதகமான மருந்தை எடுத்த கூட்டத்திலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நீரிழிவு வந்திருப்பதையும் கவனியுங்கள். வயதும் எடையும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. மாரடைப்பைத் தடுப்பதில் அந்தக் குளோர்தலிடோன் மற்ற இரண்டுக்கும் பின்தங்கவில்லை. இதயம் செயலிழப்பதைத் தடுப்பதில் முன்னின்றது.

அட்டெனோலோல் வேறு வழியில் சீனியைக் கூட்டுகிறது. பீட்டா தடுப்பிகள் எனப்படும் இந்த வகையில் பழைய மருந்துகள் இன்சுலின் சுரப்பைச் சற்றுத் தணிக்கின்றன, தசைகளுக்குப் போகும் குருதி ஓட்டத்தைக் குறைக்கின்றன, எடையையும் மெல்ல ஏற்றுகின்றன. பிரித்தானியாவின் யுகேபிடிஎஸ் என்ற நீண்ட நீரிழிவு ஆய்வு 1998 இல் அட்டெனோலோலையும் எனாலாப்ரில் இனத்தைச் சேர்ந்த கப்டோப்ரிலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு வெளியிட்டது. முதல் நான்கு ஆண்டுகளில் எச்பிஏ1சி சராசரி அட்டெனோலோல் பக்கத்தில் 7.5, கப்டோப்ரில் பக்கத்தில் 7.0. ஆய்வுக் காலத்தில் எடை முறையே 3.4 கிலோவும் 1.6 கிலோவும் கூடியது. ஆனால் கண், சிறுநீரகம், இதயம், மரணம் என்று கடைசியில் எண்ணிப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. பீட்டா தடுப்பிகள் எல்லாம் ஒரே மாதிரியும் அல்ல. 2004 இல் வந்த ஜெமினி ஆய்வில் மெட்டோப்ரோலோல் எடுத்தவர்களுக்கு எச்பிஏ1சி 0.15 கூடியது, கார்வெடிலோல் எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ அசையவே இல்லை.

பீட்டா தடுப்பியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவது அது சீனியைக் கூட்டுவதற்காக அல்ல, சீனி இறங்கும்போது உடல் தரும் எச்சரிக்கையை அது மறைப்பதற்காக. ஒரு நாள் காலை கிளினிக் வரிசையில் இருந்த முதியவர் ஒருவரின் பெயரைத் தாதி இரண்டு முறை கூப்பிட்டும் அவர் எழும்பவில்லை. வெறும் வயிற்றுச் சோதனைக்காகப் பட்டினியாக வந்தவர், வழக்கம்போல இன்சுலினை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கை நடுங்கவில்லை, நாடி நிதானமாக இருந்தது, ஆனால் சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. கொப்பியைக் கேட்டால் குடையை நீட்டினார். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 48. அவரும் அட்டெனோலோல் எடுப்பவர்தான். நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மருந்து மூடிவிடும், வியர்வையை மூடாது. ஆகவே பீட்டா தடுப்பி எடுக்கும் நீரிழிவாளர் காரணமில்லாமல் வியர்த்தாலோ பேச்சுத் தடுமாறினாலோ உடனே சீனியைப் பார்க்க வேண்டும். சோதிக்கக் கருவி இல்லையென்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்துவிடலாம். உங்கள் அம்மா மெட்போமின் மட்டும் எடுப்பதால் இன்றைக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் சீனி 138 என்று கண்டதும் கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசையோ இன்சுலினோ சேர்க்கப்படுமானால் நிலைமை மாறும். அப்படிச் சேர்க்கும் வைத்தியருக்கு அட்டெனோலோல் விடயம் தெரிந்திருக்க வேண்டும். பிரஷருக்கு ஓரிடம், சீனிக்கு வேறோரிடம் என்று இரண்டு கொப்பிகளோடு போகிறவர்களிடம் இந்தத் தகவல்தான் முதலில் தவறிப் போகிறது.

மற்ற மருந்துகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அம்லோடிபைன், நிபெடிபின் இரண்டும் சீனியைத் தொடுவதில்லை. நம் அரச கிளினிக்குகளில் அதிகம் கொடுக்கப்படும் பிரசோசினும் கெடுப்பதில்லை. அதில் கவனிக்க வேண்டியது எழும்பி நிற்கும்போது வரும் தலைச்சுற்றுத்தான். எனாலாப்ரில், லிசினோப்ரில் போன்றவையும் லொசார்டன், டெல்மிசார்டன் போன்றவையும் சீனிக்குச் சற்று நன்மையே செய்கின்றன. சிறுநீரில் புரதம் போகும் நீரிழிவாளருக்கு அவை சிறுநீரகத்தைக் காக்கின்றன என்பது ஐயமற நிறுவப்பட்டது. 2002 இன் லைப் ஆய்வில் அட்டெனோலோல் எடுத்தவர்களைவிட லொசார்டன் எடுத்தவர்களுக்குப் புதிதாக நீரிழிவு வந்தது கால்வாசி குறைவு. இதில் எவ்வளவு லொசார்டன் செய்த நன்மை, எவ்வளவு அட்டெனோலோல் செய்த கெடுதல் என்று பிரித்துக் காட்ட அந்த ஆய்வால் முடியாது. எனாலாப்ரில் இனத்து ரமிப்ரில் நீரிழிவைத் தடுக்குமா என்பதையே கேள்வியாக வைத்து நடத்தி 2006 இல் வெளியான ட்ரீம் ஆய்வில் நம்பத்தக்க தடுப்பு தெரியவில்லை. ஆகவே இந்தக் குளிசைகளைச் சீனிக்கான மருந்தாக எண்ண வேண்டாம்.

தீராத ஐயம் இன்னொன்றும் உண்டு. எச்சிடி, குளோர்தலிடோன் போன்ற தையசைட் மருந்தால் ஏறிய சீனி, தானாக ஏறிய சீனியைப் போலவே குழாய்களைக் கெடுக்குமா? குளோர்தலிடோனைப் பற்றிய ஷெப் ஆய்வில் பங்கெடுத்தவர்களைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2005 இல் எழுதியவர்கள், மருந்து எடுத்த காலத்தில் நீரிழிவு வந்தவர்களுக்கு இதய மரணங்கள் கூடவில்லை என்று கண்டார்கள். இது ஆறுதலான செய்தி. ஆனால் அது பெரும்பாலும் முதியவர்களைப் பற்றியது. நாற்பது வயதில் குண்டான உடலோடும் 110 சீனியோடும் வருகிறவருக்கு அதை வைத்து நான் தையசைட்டை முதல் மருந்தாக எழுதமாட்டேன்; அட்டெனோலோலோடு சேர்த்து நிச்சயமாக எழுதமாட்டேன். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்திருப்பதும் அந்த இணைதான். சீனியைக் கூட்டும் இரண்டும் ஒன்றாக இருப்பதால் அதைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது முற்றிலும் நியாயம். அட்டெனோலோலுக்கு ஈசிஜியில் கண்ட ஏதோ ஒரு காரணம், பழைய நெஞ்சுவலி, ஒழுங்கற்ற துடிப்பு என்று ஏதாவது இருக்கலாம். இருந்தால் அது தொடர்வதே சரி.

பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சுக்கு நான் சொல்லும் மறுமொழி முன்பு குறிப்பிட்ட அதே யுகேபிடிஎஸ் ஆய்வில் இருக்கிறது. நீரிழிவோடு பிரஷரும் உள்ள 1148 பேரில் ஒரு பகுதியினரின் பிரஷரை இறுக்கமாகவும் மற்றவர்களுடையதைத் தளர்வாகவும் வைத்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்கள். இறுக்கமாக வைத்தவர்களின் சராசரி 144/82, மற்றவர்களுடையது 154/87. இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்துக்குப் பாரிசவாதம் 44 வீதமும், நீரிழிவு சார்ந்த மரணங்கள் 32 வீதமும், கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 வீதமும் குறைந்தன. அந்தப் பிரஷரைக் குறைத்த மருந்துகளில் ஒன்று அட்டெனோலோல்தான். உங்கள் அம்மாவின் மேல் அளவு 168 இலிருந்து 134 இற்கு வந்திருக்கிறது. எச்பிஏ1சி அரைப் புள்ளி ஏறியதை வேறு வழியில் இறக்கிக்கொள்ளலாம், பாரிசவாதத்தில் விழுந்த கையை அப்படி மீட்க முடிவதில்லை.

115 இலிருந்து 138 என்பது 23 புள்ளிகள். இந்த அளவு மருந்துகள் தனியே இவ்வளவு ஏற்றுவது வழக்கமல்ல. வேறேதோ சேர்ந்திருக்கிறது என்று என் அனுபவம் சொல்கிறது. இந்த நான்கு மாதங்களில் கொலஸ்ட்ரோலுக்காக அட்டோவஸ்டட்டினும் தொடங்கினார்களா? அதுவும் சீனியைச் சிறிது கூட்டும். அதன் பயன் அதைவிடப் பெரிது என்பதால் அதையும் நிறுத்த வேண்டியதில்லை. முழங்கால் வலிக்கு ஊசி ஏதும் போட்டார்களா? இழுப்புக்குப் பிரெட்னிசலோன் கொடுத்தார்களா? ஸ்டெரொய்ட் எதுவானாலும் சீனியைச் சில நாட்களுக்காவது பலமாக ஏற்றும். எனாலாப்ரில் எடுப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் சங்கிலி ஒன்று உண்டு: அந்தக் குளிசையால் வறட்டு இருமல் வரும், இருமலைச் சளி என்று எண்ணிப் பார்மசியில் பாணி வாங்குவார்கள், அது கேட்காமல் போக வேறொரு வைத்தியர் இழுப்பு என்று பிரெட்னிசலோன் எழுதுவார், சீனி 250 ஐத் தாண்டும், பழி கடைசியில் பிரஷர் குளிசையில் விழும். அட்டெனோலோல் அப்படி இருமலைத் தருவதில்லை. ஆனால் களைப்பைத் தரும். மாலையில் மரைன் டிரைவில் நடந்துகொண்டிருந்தவர் அந்தக் களைப்பால் நடையை விட்டுவிட்டால், ஏறிய சீனியில் பாதிக்கு அதுவே காரணமாகலாம். அம்மாவிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். பிரஷர் குறையும் என்று யாரோ சொன்னதால் தினமும் ஒரு செவ்விளநீர் குடிக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அதில் சீனியும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. எச்சிடி எடுத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பொட்டாசியம் பெரும்பாலும் தொல்லை தராது. நாளை லொசார்டனுக்கு மாற்றினால், சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், தொல்லை தரும். இவை எல்லாவற்றையும் தாண்டி, ஒன்பது ஆண்டு நீரிழிவு ஒரே குளிசையில் நெடுங்காலம் நிற்பதில்லை என்பதும் உண்மை. கணையம் மெல்லத் தளர்வது இந்த நோயின் இயல்பு. எச்பிஏ1சியும் சில வேளைகளில் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் மரபுக்கூறு உள்ளவர்களிலும் அதை முழுதாக நம்ப முடியாது. ஹீமோகுளோபினையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

வைத்தியரிடம் போகும்போது குளிசை உறைகள் அத்தனையையும், சீனிக்குரியதையும் பிரஷருக்குரியதையும் கடையில் வாங்கிய பாணியையும் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். "சீனி கூடிவிட்டது, மருந்தை மாற்றுங்கோ" என்று கேட்பதைவிட, அட்டெனோலோலுக்குத் தனியான காரணம் உண்டா, இல்லையென்றால் லொசார்டனோ எனாலாப்ரிலோ பொருந்துமா, எச்சிடியை 12.5 ஆக்கலாமா என்று கேளுங்கள். மாற்றத்துக்கு முன் பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின், சிறுநீரில் போகும் அல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், பொட்டாசியம் 3.5 இற்குக் கீழே இருந்தால் சீனி ஏறியதற்கான விடையில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும். லொசார்டன் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரங்களில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். அந்தக் குளிசையை வீட்டில் கர்ப்பமாக உள்ள எவருக்கும், அவருக்கும் பிரஷர் இருக்கிறது என்பதற்காக, கொடுத்துவிடக் கூடாது. லொசார்டனும் எனாலாப்ரிலும் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதற்கிடையில் நெஞ்சுவலி வந்தாலோ, நாடி 50 இற்குக் கீழே போய்த் தலை சுற்றினாலோ, சீனி 300 ஐத் தாண்டி வாந்தியும் சேர்ந்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருந்து மாறினால், வெறும் வயிற்றுச் சீனியை வாரம் இரண்டு முறை ஒரே கருவியில், ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். வீட்டுக் கருவிக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையில் பத்துப் பதினைந்து வீத வித்தியாசம் சாதாரணம் என்பதால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். அதற்கு முன் பார்த்தால் பழைய மருந்து எடுத்த வாரங்களும் அந்த எண்ணில் கலந்திருக்கும்.